பிரித்து அனுப்பும் பெட்டி – குத்தாலம் வரை வந்த ரூட்டரின் வரலாறு

குத்தாலம் என்று சொன்னால் பலருக்கும் அருவிதான் ஞாபகம் வரும். அது தென்காசிப் பக்கம் இருக்கும் குற்றாலம். இங்கே சொல்ல வருவது மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில், காவிரியின் தென்கரையில் இருக்கும் குத்தாலம். தேவாரம் பாடிய காலத்தில் இந்த ஊருக்குப் பெயர் திருத்துருத்தி. துருத்தி என்றால் ஆற்றுக்கு நடுவே மேடிட்டு நிற்கும் திட்டு. அதாவது, ஓடி வரும் தண்ணீர் இரண்டாகப் பிரியும் இடம். ஊரின் பெயரே பிரிவதைப் பற்றியது.

டெல்டாக்காரர்களுக்குத் தண்ணீர் பிரிவதைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் முக்கொம்பில் காவிரி, கொள்ளிடம் என்று பிரிகிறது. கல்லணையில் மறுபடியும் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. மிஞ்சியது கொள்ளிடத்துக்குப் போகிறது. பிறகு காவிரியிலிருந்து குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று கிளைகள். அதற்கும் கீழே வாய்க்கால், கிளை வாய்க்கால், கடைசியில் வயல் மடை. ஒவ்வொரு தலைப்பிலும் ஷட்டர் இருக்கிறது. அதை ஏற்றி இறக்க லஸ்கர் இருக்கிறார். கடைமடைக்குத் தண்ணீர் வருவதும் வராமல் போவதும் மேலே இருக்கும் இந்தத் தலைப்புகளின் கையில்தான் இருக்கிறது.

இணையத்தில் அந்தத் தலைப்பின் வேலையைச் செய்வதுதான் ரூட்டர். தமிழில் திசைவி என்கிறார்கள். ஒரே ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தண்ணீருக்கு முகவரி கிடையாது. இணையத்தில் போகும் ஒவ்வொரு துண்டுக்கும், அதாவது ஒவ்வொரு பாக்கெட்டுக்கும், அது போய்ச் சேர வேண்டிய முகவரி தலையிலேயே எழுதியிருக்கும். ரூட்டர் அதைப் படித்து, 'நீ இந்தப் பக்கம் போ' என்று திருப்பி விடுகிறது. வீட்டு மூலையில் இரண்டு ஆண்டெனாவோடு மினுக்கும் பெட்டியும் ரூட்டர்தான். ஆனால் அது வயல் மடை மாதிரி. இந்தக் கட்டுரை கல்லணை மாதிரி இருக்கும் ரூட்டர்களைப் பற்றியது. தொலைபேசி, இணைய சேவை நிறுவனங்கள் தங்கள் நிலையங்களில் அலமாரி அலமாரியாக வைத்திருக்கும் மாட்யூலர் ரூட்டர்கள். இவை எப்படிப் பிறந்தன, இந்தியாவுக்கு எப்படி வந்தன, குத்தாலம் போன்ற ஊர்களுக்கு இதில் என்ன பங்கு என்று பார்க்கலாம்.

1. முதல் பெட்டி (1969)

1960களில் அமெரிக்காவில் பால் பேரனும், இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸும் தனித்தனியாக ஒரே யோசனைக்கு வந்து சேர்ந்தார்கள். தொலைபேசியில் இருவர் பேசும்போது, பேசி முடிக்கும் வரை ஒரு தடம் முழுக்க அவர்களுக்கே ஒதுக்கப்படுகிறது. கணினிகள் விட்டு விட்டுப் பேசுபவை. அவற்றுக்கு ஒரு தடத்தை முழுதாக ஒதுக்குவது வீண். செய்தியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரே தடத்தில் பலருடைய துண்டுகளையும் கலந்து அனுப்பினால் என்ன? இதுதான் பாக்கெட் முறை.

இந்த முறையில் அமைந்த ஆர்பாநெட் வலையமைப்புக்காக பி.பி.என். என்ற நிறுவனம் ஒரு பெட்டியைச் செய்தது. பெயர் ஐ.எம்.பி. ஹனிவெல் கம்பெனியின் டி.டி.பி. 516 கணினியை வைத்து உருவாக்கப்பட்ட இதன் உருவம் ஒரு பீரோவைப் போல இருக்கும். 1969 ஆகஸ்ட் கடைசியில் முதல் பெட்டி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்துக்கு வந்து சேர்ந்தது. அக்டோபர் 29 அன்று அங்கிருந்து ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு முதல் செய்தி போனது. 'லாகின்' என்ற ஆங்கிலச் சொல்லை அடிக்க ஆரம்பித்து, இரண்டு எழுத்து போனதுமே அந்தப் பக்கத்துக் கணினி படுத்துவிட்டது! இப்படித்தான் இணையம் ஆரம்பித்தது. அன்றைய தடத்தின் வேகம் விநாடிக்கு 50 கிலோபிட். இன்றைய ரூட்டர்களின் பாட்டி அந்த ஐ.எம்.பி. பெட்டிதான்.

2. நீலப் பெட்டியும் ஒரு தம்பதியும்

1980களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு விதமான வலையமைப்பை வைத்திருந்தது. ஒன்று பேசும் மொழி இன்னொன்றுக்குப் புரியாது. இவற்றை இணைக்க அங்கே ஒரு பெட்டி உருவானது. வன்பொருளை ஆண்டி பெக்டோல்ஷைமும், மென்பொருளை பில் யேகரும் செய்தார்கள். நீலப் பெட்டி என்று அதற்குப் பெயர். அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த லென் போசாக், சாண்டி லெர்னர் தம்பதி 1984 டிசம்பரில் சிஸ்கோ நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அந்த நீலப் பெட்டியின் வழியில் வந்த ஏ.ஜி.எஸ். என்ற ரூட்டரை 1986-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். 1990-ல் நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போனது. அதே ஆண்டில் சாண்டி லெர்னர் நிறுவனத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். போசாக்கும் கூடவே போய்விட்டார். தொடங்கியவர்கள் இல்லாமலே சிஸ்கோ வளர்ந்தது.

ஏ.ஜி.எஸ். பெட்டிக்குள் அட்டைகளைச் செருக இடம் இருந்தது. எந்த வகைத் தடம் வேண்டுமோ அதற்கான அட்டையைச் செருகிக்கொள்ளலாம். 1993-ல் வந்த சிஸ்கோ 7000 வரிசையில் இன்னொரு வசதியும் சேர்ந்தது. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓர் அட்டையைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். சேவை நிறுவனங்களுக்கு இது பெரிய விஷயம். பழுதான ஓர் அட்டைக்காக ஊர் முழுவதன் இணைப்பையும் நிறுத்த வேண்டியதில்லை.

3. மாட்யூலர் என்றால் என்ன?

ஒரு பெரிய ரூட்டரைத் திறந்து பார்த்தால் அலமாரி மாதிரி வரிசையாகப் பொந்துகள் இருக்கும். வெளிக்கூட்டுக்குச் சேஸிஸ் என்று பெயர். அதில் செருகும் ஒவ்வொரு லைன் கார்டிலும் தடங்கள் வந்து சேரும். வழிகளைக் கணக்குப் போட்டு முடிவு செய்யும் 'மூளை' ஒரு தனி அட்டை. அட்டைகளுக்கு இடையே பாக்கெட்டுகளைக் கைமாற்றும் ஃபேப்ரிக் இன்னொரு பகுதி. பவர் சப்ளை, மின்விசிறி எல்லாம் தனித்தனியே கழற்றலாம். முக்கியமானவற்றை இரண்டு இரண்டாகவே போட்டு வைப்பார்கள். ஒன்று போனால் மற்றது பார்த்துக்கொள்ளும்.

பொறியியல் மாணவர்கள் இதை வடிவமைப்பு என்று படிப்பார்கள். வணிகவியல் மாணவர்களுக்கு இது மூலதனச் செலவைப் பற்றிய பாடம். கணக்குக்காக ஓர் உதாரணம்.

ஒரு சேவை நிறுவனத்துக்கு இன்று 8 தடம் போதும். ஆண்டுக்கு 8 வீதம் கூடி, மூன்று ஆண்டு முடிவில் 32 தடம் தேவைப்படலாம் என்று எதிர்பார்க்கிறது. 32 தடமுள்ள நிலையான பெட்டியை இன்றே வாங்கினால் 32 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாட்யூலர் பெட்டி என்றால் வெறும் கூடு 12 லட்சம், 8 தட அட்டை ஒவ்வொன்றும் 6 லட்சம். இன்று 18 லட்சம். பிறகு ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் 6 லட்சம். மொத்தம் 36 லட்சம். 4 லட்சம் அதிகமாகத் தெரிகிறது அல்லவா? ஆனால் 12 சதவீத வட்டியில் இன்றைய மதிப்புக்கு மாற்றினால் மாட்யூலர் பெட்டியின் செலவு சுமார் 32.4 லட்சம்தான். இரண்டும் ஏறக்குறைய சமம். விஷயம் அதற்கு மேலேதான் இருக்கிறது. எதிர்பார்த்த வாடிக்கையாளர்கள் வரவில்லை என்றால், மாட்யூலர் பெட்டி வாங்கியவர் 18 லட்சத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவருடைய 32 லட்சமும் ஏற்கெனவே முடங்கிவிட்டது.

இதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் கூட்டில் இன்னொரு நிறுவனத்தின் அட்டை பொருந்தாது. கூட்டை வாங்கிய அன்றே, அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அட்டைகளை யாரிடம் வாங்குவது என்பதும் முடிவாகிவிடுகிறது. விலை பேசும் பலம் முதல் நாளோடு சரி. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல சம்பவங்கள் எளிதாகப் புரியும்.

4. இந்தியா செய்த மாட்யூல்

ரூட்டருக்கு முந்தைய தலைமுறைப் பெட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். அதில் இந்தியா ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது.

1984-ல் இந்தியா முழுவதிலும் இருந்த தொலைபேசி இணைப்புகள் 30 லட்சத்தை எட்டவில்லை. அதுவும் பெரும்பாலும் நகரங்களில். கிராமத்தில் ட்ரங்க் கால் போட வேண்டும் என்றால் தபால் ஆபீஸில் சொல்லிவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். ஃபிரான்ஸின் அல்காடெல் தொழில்நுட்பத்தில் உத்தரப் பிரதேசத்தின் மன்காபூரில் செய்ய ஏற்பாடான ஈ10பி எக்ஸ்சேஞ்ச், நகரங்களுக்கு ஏற்றது. ஆயிரக்கணக்கான இணைப்புகள் இருந்தால்தான் கட்டுப்படியாகும். ஏர்கண்டிஷன் அறை வேண்டும். சித்திரை வெயிலில் அடிக்கடி கரண்ட் போகும் ஓர் ஊரில் அதை வைத்து என்ன செய்வது?

அந்த ஆண்டு ஆகஸ்டில் சி-டாட் என்ற தொலைத்தொடர்பு ஆராய்ச்சி மையத்தை மத்திய அரசு தொடங்கியது. சாம் பிட்ரோடாவின் யோசனை. 36 மாதம், 36 கோடி ரூபாய் என்பது திட்டம். இளம் பொறியாளர்கள் சேர்ந்து 128 முனைகள் கொண்ட சிறிய கிராமப்புற எக்ஸ்சேஞ்ச் ஒன்றை வடிவமைத்தார்கள். ராக்ஸ் என்று பெயர். ஏர்கண்டிஷன் வேண்டாம். சாதாரண கட்டடத்தில் வைத்தால் போதும். 1986 ஜூலையில் கர்நாடகத்தின் கித்தூரில் முதல் ராக்ஸ் வேலை செய்ய ஆரம்பித்தது.

இதன் அண்ணனான மேக்ஸ் எக்ஸ்சேஞ்ச்தான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். அதன் அமைப்பே மாட்யூல்களால் ஆனது. சந்தாதாரர்களின் கம்பிகள் வந்து சேர்வது பேஸ் மாட்யூல். பல பேஸ் மாட்யூல்களை இணைப்பது சென்ட்ரல் மாட்யூல். நிர்வாகத்துக்கு ஒரு மாட்யூல். சிறிய ஊர் என்றால் ஒரே ஒரு பேஸ் மாட்யூலைத் தனியாக வைத்து எக்ஸ்சேஞ்சாக ஓட்டலாம். பெரிய நகரம் என்றால் 32 வரை சேர்த்து சுமார் 40,000 இணைப்புகளுக்குக் கொண்டுபோகலாம். இரண்டிலும் ஒரே வகை அட்டைகள். ஒரு மெக்கானிக் சிறிய ஊரில் கற்ற வேலை பெரிய நகரத்திலும் செல்லும்.

சி-டாட் இதைத் தானே தயாரித்து விற்கவில்லை. அரசு நிறுவனங்களுக்கும் தனியார் கம்பெனிகளுக்கும் தொழில்நுட்பத்தை உரிமக் கட்டணத்துக்குக் கொடுத்தது. பல கம்பெனிகள் ஒரே வடிவமைப்பில் செய்ததால் ஒருவரையே நம்பி இருக்க வேண்டிய நிலை வரவில்லை. சென்ற பகுதியில் சொன்ன கண்ணி இங்கே இல்லை என்பதைக் கவனியுங்கள். பெரிய நகர எக்ஸ்சேஞ்ச் சொன்ன கெடுவுக்குள் தயாராகவில்லை என்று சி-டாட் மேல் கடும் விமர்சனம் எழுந்தது உண்மை. ஆனால் 1990களில் நாடெங்கும் மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத்துகள் பெருகியதிலும், சிற்றூர்களில் ரிசீவரை எடுத்தவுடன் டயல் டோன் கேட்டதிலும் இந்தப் பெட்டிகளின் பங்கு பெரியது.

5. சென்னை வழியே வந்த இணையம்

இந்தியாவில் கல்வி நிறுவனங்களை இணைக்கும் எர்நெட் திட்டம் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 1986-ல் தொடங்கியது. மும்பையின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், தில்லியின் மின்னணுத் துறை, ஐந்து ஐ.ஐ.டி.க்கள் ஆகியவை அதில் இருந்தன. அந்த ஐந்தில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. ஆக, தமிழ்நாட்டில் பாக்கெட் முறை முதலில் கிண்டிப் பக்கம்தான் வேரூன்றியது.

பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. வி.எஸ்.என்.எல். நிறுவனம் தில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை நகரங்களில் ஆரம்பித்து வைத்தது. 1998 நவம்பரில் தனியாருக்கு அனுமதி கிடைத்தது. அதே மாதத்தில் சேவையைத் தொடங்கிய முதல் தனியார் நிறுவனம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே. பின்னாளில் சிஃபி என்று பெயர் மாறியது. 1999 அக்டோபரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலான முதல் இந்திய இணைய நிறுவனமும் இதுதான். அடுத்த மாதமே இந்தியாவேர்ல்ட் தளங்களை 499 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்து எல்லோரையும் வாய் பிளக்க வைத்தது. இதன் ஐவே பிரவுசிங் சென்டர்கள் அன்றைய கல்லூரி மாணவர்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம்.

2002-ல் பார்தியும் சிங்டெல்லும் சேர்ந்து சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சுமார் 3,200 கி.மீ. நீளத்தில் ஐ2ஐ கடலடிக் கேபிளைப் போட்டன. அதன் மொத்தக் கொள்ளளவு விநாடிக்கு 8.4 டெராபிட். முதல் ஐ.எம்.பி.யின் தடத்தைவிட ஏறத்தாழ 17 கோடி மடங்கு! கடலிலிருந்து இவ்வளவும் கரையேறினால், பிரித்து அனுப்பும் பெட்டியும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் பிராட்பேண்டைத் தொடங்கியபோது இந்தத் தேவை மாவட்டத் தலைநகரங்களுக்கும் வந்துவிட்டது.

6. மூளை வேறு, கை வேறு

இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கப் பழைய ரூட்டர்களால் முடியவில்லை. அவற்றில் வழி தேடுவதையும் பாக்கெட்டைத் தள்ளி விடுவதையும் ஒரே செயலி பார்த்துக்கொண்டிருந்தது. 1996-ல் ஜூனிபர் நெட்வொர்க்ஸ் என்ற நிறுவனம் பிறந்தது. தொடங்கியவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பிரதீப் சிந்து. 1998-ல் வந்த அதன் எம்40 ரூட்டர் இரண்டு வேலைகளையும் பிரித்தது. வழி தேடும் மூளை தனி. தள்ளி விடும் கை தனி, அதுவும் அந்த ஒரே வேலைக்கென்று செய்த சிப்பால் ஆனது. பெயரில் இருக்கும் 40 என்பது விநாடிக்கு 4 கோடி பாக்கெட்டுகளைக் குறிக்கும். திட்டம் போடுகிற பொறியாளரும் ஷட்டரை இறக்குகிற லஸ்கரும் ஒரே ஆளாக இருந்தால் வெள்ளக் காலத்தில் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதே தர்க்கம்தான்.

பிறகு வந்தது குமிழி. இணைய மோகத்தில் எல்லா நிறுவனங்களும் ரூட்டர்களை வாங்கிக் குவித்தன. 2000 மார்ச்சில் சிஸ்கோ உலகிலேயே அதிக சந்தை மதிப்புள்ள நிறுவனமானது. 50,000 கோடி டாலருக்கும் மேல். அடுத்த ஆண்டே குமிழி உடைந்து, விற்காமல் தேங்கிய சரக்கில் சுமார் 220 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுத வேண்டி வந்தது. பங்கின் விலை மறுபடி 2000-ன் உச்சத்தைத் தாண்ட 2025 டிசம்பர் ஆகிவிட்டது. எதிர்பார்த்த தேவைக்காக இன்றே வாங்கிக் குவிப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு, மூன்றாம் பகுதியில் போட்ட கணக்கைவிடப் பெரிய உதாரணம் இது.

சரிவுக்கு நடுவிலும் ஆராய்ச்சி நிற்கவில்லை. 2004-ல் சிஸ்கோ வெளியிட்ட சி.ஆர்.எஸ்.-1 ரூட்டரில் பல அலமாரிகளை இணைத்து ஒரே ரூட்டராக ஓட்டலாம். முழு அளவில் விநாடிக்கு 92 டெராபிட். கின்னஸ் புத்தகத்திலும் இடம் பிடித்தது. பேஸ் மாட்யூல்களைக் கோத்து எக்ஸ்சேஞ்சைப் பெரிதாக்கிய சி-டாட் யோசனையின் தூரத்துச் சொந்தம் என்று இதைச் சொல்லலாம்.

7. எங்கே கோட்டை விட்டோம்?

எக்ஸ்சேஞ்ச் செய்யத் தெரிந்த நாடு ரூட்டரில் ஏன் பின்தங்கியது? ஒரு காரணம் சிப். எம்40 போன்றவற்றின் உயிர் தனிச் சிறப்பான சிப்பில் இருந்தது. அதை வடிவமைத்துத் தயாரிக்கப் பெரும் மூலதனம் வேண்டும். இன்னொரு காரணம் மென்பொருள். உலகத்தில் இருக்கும் எல்லா ரூட்டர்களோடும் சண்டை இல்லாமல் பேச வேண்டும். அது பல ஆண்டு அனுபவத்தில்தான் பழுக்கும்.

மூன்றாவது காரணம் வணிகக் கொள்கை. 1997-ல் இந்தியா உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதன்படி பட்டியலில் இருந்த கணினி, தொலைத்தொடர்புக் கருவிகளுக்கான இறக்குமதி வரியை 2005-க்குள் பூஜ்யமாக்க வேண்டியிருந்தது. இதனால் கணினியும் இணையமும் மலிவாகின. மென்பொருள் துறை வளர்ந்தது. அதே சமயம், உள்நாட்டில் ஒரு ரூட்டரைச் செய்து பார்க்கலாம் என்று நினைத்தவருக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லாமல் போனது. வாங்குகிறவருக்கு லாபம், செய்கிறவருக்கு நஷ்டம். இதில் எந்தப் பக்கம் சரி என்பதை இன்றும் பொருளாதார அறிஞர்கள் விவாதிக்கிறார்கள்.

8. ஊராட்சி வரை ஒரு கம்பி

2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை தேசிய ஆப்டிகல் ஃபைபர் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நாட்டின் எல்லா ஊராட்சிகளுக்கும் ஃபைபர் இணைப்பு என்பது நோக்கம். பின்னர் இதுவே பாரத்நெட் ஆனது. முதல் கட்டத்தில் ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து ஊராட்சிகளுக்குக் கிளை பிரிவது போலக் கம்பி போனது. மரத்தின் கிளை மாதிரி. கிளை முறிந்தால் அதன் நுனியில் இருக்கும் இலைகள் எல்லாம் போச்சு. சாலைப் பணிக்கு ஒரு ஜே.சி.பி. வந்து தோண்டினால் போதும், ஊராட்சிக்கு இணையம் இல்லை.

இதற்கு மாற்று, வளைய அமைப்பு. ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒரு சிறிய ரூட்டர். அவற்றை வட்டமாகக் கோத்துவிட்டால், ஒரு பக்கம் அறுந்தாலும் ரூட்டர் மறுபக்கம் சுற்றி அனுப்பிவிடும். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பாரத்நெட் இரண்டாம் கட்டப் பணியை டான்ஃபிநெட் என்ற மாநில அரசு நிறுவனம் எடுத்துக்கொண்டது. சுமார் 1,950 கோடி ரூபாய்க்கு டெண்டர் விடப்பட்டது. அதன் நிபந்தனைகளும் கருவிகளின் தொழில்நுட்பக் குறிப்புகளும் உள்நாட்டு உற்பத்தியாளர்களை ஒதுக்கிவிடுவதாகப் புகார்கள் கிளம்பின. முறைகேடு எதுவும் இல்லை என்று மாநில அரசு மறுத்தது. 2020 ஜூனில் மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை, நிபந்தனைகள் 'மேக் இன் இந்தியா' விதிகளுக்கு முரணாக இருப்பதாகச் சொல்லி, அந்த டெண்டரை ரத்து செய்து மறுபடி விடும்படி உத்தரவிட்டது.

டெண்டரில் நாலு வரித் தொழில்நுட்பக் குறிப்பு. அதற்காக ஒரு மாநிலத்தின் ஊராட்சிகள் எல்லாம் காத்திருக்க வேண்டியதாயிற்று. பெட்டியின் தடம் எத்தனை, வேகம் எவ்வளவு, இதற்கு முன் எங்கே விற்றிருக்க வேண்டும் என்ற வரிகள்தான் யார் போட்டியில் இருக்கலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டம், நாடு முழுவதற்கும் வளைய அமைப்பையும் ஒன்றியம், ஊராட்சி அளவில் ரூட்டர்களையும் ஏற்றுக்கொண்டது.

டெல்டாவுக்கு இது வெறும் சினிமா பார்க்கும் வசதி கிடையாது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட ஆன்லைன் பதிவு. ரேஷன் கடையில் கைரேகை இயந்திரம். சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு நவம்பரில் கடைசித் தேதி நெருங்கும்போது இ-சேவை மையங்களில் கூட்டம். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் கையில் இருந்தும் 'சர்வர் கிடைக்கலை' என்ற ஒரு சொல்லில் விவசாயி திரும்பிப் போக நேர்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின்கம்பங்களோடு செல்போன் தொடர்பும் விழுந்தது. எந்த ஊருக்கு என்ன வேண்டும் என்று சொல்லக்கூட வழியில்லை. கடைமடையின் இணைப்பு எப்போது அறும் என்று தெரியாது. அறுந்தாலும் இன்னொரு வழி இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே தேவை.

9. மறுபடியும் இந்தியாவில்

2020-க்குப் பிறகு காற்று திசை மாறியது. 2021 பிப்ரவரியில் தொலைத்தொடர்புக் கருவிகளுக்கு 12,195 கோடி ரூபாய் உற்பத்தி ஊக்கத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2021 ஜூன் 15 முதல், நம்பகமானவை என்று அரசு ஏற்றுக்கொண்ட இடங்களிலிருந்து வரும் கருவிகளை மட்டுமே புதிதாக இணைக்கலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 2024 மார்ச்சில் பெங்களூருவின் நிவெட்டி சிஸ்டம்ஸ் விநாடிக்கு 2.4 டெராபிட் திறனுள்ள ரூட்டரை வெளியிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் சிஸ்கோ, ஃப்ளெக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சென்னையில் தன் உற்பத்தியைத் தொடங்கியது. முதலில் அங்கே தயாரானவை என்.சி.எஸ். 540 வரிசை ரூட்டர்கள். சேவை நிறுவனங்கள் தங்கள் வலையின் கிளை முனைகளில் வைப்பவை.

சந்தோஷமான செய்திதான். ஆனால் ஒரு பெட்டியைப் பூட்டுவது வேறு, வடிவமைப்பது வேறு. சிப்பும் மென்பொருளும் யாருடையவோ, லாபத்தின் பெரும் பங்கும் அவர்களுடையது.

உலக அளவில் இன்னொரு மாற்றமும் நடக்கிறது. 2019-ல் அமெரிக்காவின் ஏ.டி.&டி. ஒரு வடிவமைப்பை வெளியிட்டது. பெரிய கூடே வேண்டாம். சந்தையில் கிடைக்கும் சாதாரணப் பெட்டிகளைக் கேபிளால் இணைத்து ஒரே ரூட்டராக்கலாம். பெட்டி ஒரு கம்பெனி, சிப் இன்னொரு கம்பெனி, மென்பொருள் மூன்றாவது கம்பெனி. அடுத்த ஆண்டே அதைத் தன் வலையின் மையத்தில் ஓட்டியும் காட்டியது. கூட்டை விற்றவரிடமே அட்டையும் வாங்க வேண்டும் என்ற பழைய கண்ணி இங்கே தளர்கிறது. மென்பொருளில் கெட்டிக்காரர்களான நம்மவர்களுக்கு இது ஒரு வாய்ப்பு. ஒரே வடிவமைப்பைப் பல கம்பெனிகளுக்குக் கொடுத்த சி-டாட் அனுபவம் இங்கே கை கொடுக்கலாம்.

முடிவாக

ரூட்டர் என்றால் பொறியியல் படிக்கிறவர்களின் சமாச்சாரம் என்று வணிகவியல் மாணவர்கள் ஒதுங்கிவிடுவது வழக்கம். ஆனால் இந்த வரலாற்றின் திருப்பங்களை வரிசையாகப் பாருங்கள். ராக்ஸ் பல கம்பெனிகளுக்கு உரிமம் கொடுக்கப்பட்டது, 1997-ல் வரியைப் பூஜ்யமாக்கும் ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது, 2001-ல் சரக்கு தேங்கியது, 2020-ல் டெண்டர் ரத்தானது. எல்லாமே கொள்முதல், வரி, இருப்பு, ஒப்பந்தம் என்று நம் பாடப் புத்தகத்தில் வரும் தலைப்புகள்.

12,525 ஊராட்சிகளில் வைக்கும் பெட்டிகள் என்றைக்காவது பழையதாகும். மறுபடி டெண்டர் வரும். அந்த மேசையில் உட்காரப் போகிறவர்களில் இன்று பி.காம். படிப்பவர்களும் இருப்பார்கள். விலைப் பட்டியலை மட்டும் பார்க்காமல், 'இந்தக் கூட்டில் வேறு யாருடைய அட்டை பொருந்தும்? ஐந்து ஆண்டு கழித்து உதிரி அட்டை எங்கே கிடைக்கும்? பழுது பார்க்கும் ஆள் மயிலாடுதுறையில் இருக்கிறாரா?' என்று மூன்று கேள்வி கேட்டால், காப்பீட்டுக் கடைசி நாளில் வரிசையில் நிற்கும் குத்தாலத்து விவசாயி வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்காது.